திங்கள் காலை பில் போட வேண்டும்: வார இறுதியில் கணினியைப் பிரிப்பதற்கு முன்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதன்பிறகு சிறு கடைகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "இந்தச் சனி, ஞாயிறில் கம்ப்யூட்டரை மாற்றிவிடலாம்." பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி (அதைவிட வேகமான புதிய வகை டிஸ்க்) போட வேண்டும், விண்டோஸ் 11 ஏற்ற வேண்டும், டேலி கணக்கு மென்பொருளையும் பிரின்டரையும் மறுபடி பொருத்த வேண்டும். பொறுப்பு வழக்கம்போல அங்கே "கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர்" தலையில் விழும். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எஸ்எஸ்டியை எப்படிப் பொருத்துவது என்று காட்டும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. பாதியில் மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது என்பது அவற்றில் அரிதாகவே வரும். "பேக்கப் எடுத்துவிட்டேன்" என்பதும் இதற்குப் பதிலாகாது. பேக்கப் என்பது கோப்புகளின் நகல். திங்கள் காலை ஒன்பதரை மணிக்கு வந்து நிற்கும் முதல் வாடிக்கையாளருக்கு எந்தக் கணினியில், எந்தப் பிரின்டரில் பில் போடப்போகிறீர்கள் என்று உங்களால் இப்போதே சொல்ல முடிந்தால்தான் மாற்றுத் திட்டம் இருக்கிறது என்று பொருள்.

எந்த வார இறுதி?

காலண்டரிலிருந்து தொடங்குங்கள். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் என்றால் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதிக்குள். இவ்விரண்டுக்கும் முன்னால் வரும் சனி, ஞாயிறுகளைத் தொடவே வேண்டாம். மார்ச் கடைசியும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் அப்படியே. 20-ஆம் தேதி கழிந்து வரும் சனிக்கிழமைதான் பெரும்பாலான கடைகளுக்கு உகந்தது.

அடுத்தது மின்சாரம். உங்கள் பகுதிக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள், சனிக்கிழமையிலும் வரும். யூபிஎஸ் பேட்டரி இறந்துபோன கணினியில் டிஸ்கை நகலெடுக்கத் தொடங்குவது வீண் சூதாட்டம். உதிரிப் பாகங்களையும் வெள்ளிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவிலேயே ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மற்ற ஊர்களைச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்எஸ்டி வாங்கும்போதே அதைக் கணினிக்குள் இணைக்கும் சாட்டா கேபிள் ஒன்று, டிஸ்கை வெளியிலிருந்து இணைக்கும் யூஎஸ்பி கேபிள் ஒன்று, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று. ஞாயிறு மதியம் சின்னஞ்சிறு கேபிளுக்காக ஊரெல்லாம் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி மாற்றுவது ஒரு வேலை, விண்டோஸ் மாற்றுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே வார இறுதியில் செய்தால், ஏதாவது கோளாறு வரும்போது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும். முதலில் இருக்கிற விண்டோஸ் 10-ஐ அப்படியே எஸ்எஸ்டிக்கு நகர்த்துங்கள். ஓரிரு வாரம் ஓடட்டும். பிறகு 11-ஐப் பார்க்கலாம். தனிநபர் கணினிகளில் இதற்கெனப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு விண்டோஸ் 10-இன் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் பெரும்பாலும் நாமே உண்டாக்கிக்கொள்வது.

வியாழக்கிழமை: ஒரு தாளும் பேனாவும்

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய முறை), குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். தகுதியில்லை என்று அது சொன்னால், ஒரு வார இறுதி மிச்சம்.

பிறகு கீழே வருபவற்றைத் தாளில் எழுதுங்கள். அந்தக் கணினியிலேயே ஒரு கோப்பில் தட்டி வைப்பதால் பயனில்லை. கணினி திறக்காதபோது அந்தக் கோப்பும் திறக்காது.

முதலில், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீடு. எல்லாவற்றையும் விட இதற்கு நேரம் ஒதுக்குங்கள். "நான் பிட்லாக்கரே போடவில்லையே" என்று பலர் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பயன்படுத்தும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்குத் தெரிந்திருக்காது. அன்றாடப் பயன்பாட்டில் அது தலைகாட்டாது. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் இயங்கும் அடிப்படை அமைப்பில்) ஏதாவது மாற்றினாலோ, டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தாலோ நீலத் திரை வந்து 48 இலக்கக் குறியீட்டைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் உங்களுக்கு இல்லை. எந்த சர்வீஸ் கடைக்காரராலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் உங்கள் சாதனங்களின் பட்டியலுக்குள் இந்தக் குறியீடு இருக்கும். 48 இலக்கங்களையும் தாளில் எழுதி, வேறொருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. தீர்வு எளிதுதான்: சேஃப் மோடில் (குறைந்தபட்ச வசதிகளோடு விண்டோஸைத் திறக்கும் முறையில்) நுழைந்து ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் பூட்டப்பட்ட டிஸ்க் உள்ள கணினிகளில் அங்கே நுழையவே அந்த 48 இலக்கங்கள் தேவைப்பட்டன. குறியீடுகளைத் தேடிப் பிடித்து, கணினி கணினியாகச் சென்று தட்டும் வேலையிலேயே பல நிறுவனங்களின் ஊழியர்களுக்கு அந்தச் சனி, ஞாயிறு கழிந்தன.

அடுத்து டேலி. நிறுவனத் தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று டேலியின் உள்ளே பார்த்து எழுதுங்கள். சீரியல் எண்ணையும், லைசென்ஸ் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பல கடைகளில் அந்த மின்னஞ்சல் மூன்று வருடங்களுக்கு முன்பு வேலையை விட்டுப்போன கணக்காளருடையதாக இருக்கும். அவரை வியாழக்கிழமை தொலைபேசியில் பிடிப்பது சுலபம். ஞாயிறு இரவு பத்து மணிக்குப் பிடிப்பது சங்கடம். புதிய நிறுவலில் லைசென்ஸை ஏற்ற, பழையதில் அதை சரண்டர் செய்ய (திருப்பி ஒப்படைக்க) வேண்டியிருக்கும். சரண்டர் செய்த கணத்திலிருந்து பழைய டிஸ்கில் உள்ள டேலி எஜுகேஷனல் முறைக்குப் போய்விடும். அதில் மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். பழைய டிஸ்குக்குத் திரும்பும் நிலை வந்தால் அங்கே மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதற்கு அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் வேண்டும். ஆகவே சரண்டர் என்பது வேலையின் கடைசிப் படிகளில் ஒன்றாக இருக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக. டிஜிட்டல் கையொப்பத்தின் சாவி அதன் யூஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. டிரைவரை மட்டும் மறுபடி நிறுவினால் போதும், ஆனால் பின் எண்ணைத் தாளில் எழுதுங்கள், ஏனெனில் தவறாகப் பலமுறை அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். மின்னஞ்சலை அவுட்லுக்கில் பாப் முறையில் (கடிதங்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறையில்) இறக்குகிறீர்கள் என்றால் கடிதங்கள் அந்தக் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கடிதங்களும் பத்திரங்களும் இருந்தால், விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். யூனிகோடு அல்லாத அந்தக் கோப்புகள் எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். "ஃபைல் கெட்டுவிட்டது" என்று பதறுவார்கள். விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். மதர்போர்டு மாறாதவரை டிஸ்க் மாற்றத்தால் அது போகாது.

கடைசியாக, கேபிள்கள் செருகியிருக்கும் பின்பக்கத்தைக் கைபேசியில் ஒரு படம்.

வெள்ளி மாலை: நகல், பிறகு சோதனை

வெள்ளி மாலையே நகலெடுக்கத் தொடங்குவதற்குக் காரணம் வேகம். யூஎஸ்பி 3.0-இல் இணைத்த சாதாரண வெளி ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி எழுதும். ஒரு டிபி தரவுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதே டிஸ்கை யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் எட்டு மணி நேரத்துக்கு மேல். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் மெதுவாகும். வேகமான துளை பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. அதற்கு எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும்.

இரண்டு நகல்கள் எடுங்கள். ஒன்று முழு டிஸ்கின் இமேஜ், அதாவது விண்டோஸ் உட்பட டிஸ்கில் உள்ள எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக எடுத்த நகல். குளோன்சில்லா, ரெஸ்க்யூசில்லா போன்ற இலவச மென்பொருள்கள் போதும். இன்னொன்று டேலி தரவு, ஆவணங்கள், படங்கள் முதலான முக்கியக் கோப்புகளின் நேரடி நகல், வேறொரு டிஸ்கில். முழு டிஸ்க் இமேஜ் கணினியையே பழையபடி நிறுத்த உதவும். ஆனால் அதிலிருந்து ஒரே ஒரு எக்செல் கோப்பை எடுப்பது புதியவருக்குத் தலைவலி.

"என் ஃபைலெல்லாம் ஒன்டிரைவில் இருக்கிறது" என்பது பாதி உண்மை. அது ஒத்திசைவு. இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும்; தனிநபர் கணக்கில் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு அதுவும் போய்விடும்.

விண்டோஸை மேம்படுத்தும்போது கோப்புகள் தொலையாது என்று நம்புபவர்களுக்கு 2018 அக்டோபரை நினைவூட்டலாம். அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, ஆவணங்கள் ஃபோல்டரை வேறிடத்துக்குத் திருப்பி வைத்திருந்த சிலருடைய பழைய ஃபோல்டரை உள்ளடக்கத்தோடு அழித்துவிட்டது. அந்த வாரமே மைக்ரோசாஃப்ட் வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13 அன்று திருத்தி வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவருக்கு அது நூறு சதவீதம்.

நகல் எடுத்தாயிற்று; இனிச் சோதனை. இதைத்தான் எல்லாரும் தாண்டிப்போகிறார்கள், பெரிய நிறுவனங்கள் உட்பட. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களை இணையத்தில் சேமித்துவைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் எடுக்க அவர்களிடம் ஐந்து ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றும் உதவவில்லை. தினசரி பேக்கப், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. நகல்கள் இருந்திருக்க வேண்டிய இடம் காலி. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியால்தான் மீண்டார்கள். இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது.

உங்கள் சோதனை இவ்வளவுதான்: வெளி டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் செருகுங்கள். பழைய கடிதம் ஒன்றையும் படம் ஒன்றையும் திறங்கள். அங்கே டேலி நிறுவி, நகலெடுத்த தரவைத் திறந்து, கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் நகல். திறக்காவிட்டால் இன்று வெள்ளிதான், இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சனி: பழைய டிஸ்கைத் தொடாதீர்கள்

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே நல்ல மாற்றுத் திட்டம் இதுதான்: பழைய டிஸ்கில் எதையும் மாற்றாமல், புதிய டிஸ்கில் மட்டும் எல்லா வேலையையும் செய்வது. எதுவும் சரிவராவிட்டால் பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டினால் வெள்ளி மாலை இருந்த நிலை அரை மணி நேரத்தில் வந்துவிடும். இருக்கிற டிஸ்கின் மேலேயே மேம்படுத்துபவருக்கு இந்த வசதி கிடையாது. பழைய டிஸ்குக்கு வேறு வேலை இருந்தாலும் இந்த இரண்டு நாள் அது அலமாரியில் இருக்கட்டும்.

பழைய டிஸ்கை அப்படியே புதியதில் நகலெடுக்கும்போது, அதாவது குளோன் செய்யும்போது, ஒரே ஒரு பேராபத்து உண்டு: மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் குறிப்பிடுவது. காலி எஸ்எஸ்டியைப் பழைய டிஸ்கின் மேல் நகலெடுத்தால் எல்லாம் போயிற்று. மென்பொருள் டிஸ்குகளுக்கு வைக்கும் பெயர்களை நம்பாமல், கொள்ளளவையும் மாடல் எண்ணையும் டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். பேக்கப் டிஸ்கை அந்த நேரத்தில் கணினியிலிருந்து கழற்றியே வையுங்கள். எஸ்எஸ்டி பழைய டிஸ்கை விடச் சிறியது என்றால் குளோன்சில்லா சாதாரணமாக ஒத்துக்கொள்ளாது. எஸ்எஸ்டிக்குள் அடங்கும்படி பழைய டிஸ்கின் பகுதிகளைச் சுருக்கினால் அதை மாற்றியதாகிவிடும். அதற்குப் பதில் கொஞ்சம் பெரிய எஸ்எஸ்டி வாங்குவதே மேல். நகல் முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருப்பதால், சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். கழற்றிய டிஸ்கின் மேல் தேதியோடு "அழிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள்.

விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவுபவர்கள் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவைத் தயார் செய்வார்கள். அந்தப் பென் டிரைவில் இருப்பவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். நிறுவும் போது இணைய இணைப்பு கேட்கும். வைஃபை டிரைவர் இல்லாத கணினியில் அந்தத் திரையோடு நின்றுவிடும். ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே இணையம் வந்துவிடும். இருந்தாலும் நெட்வொர்க் டிரைவரையும் பிரின்டர் டிரைவரையும் முன்கூட்டியே பென் டிரைவில் இறக்கி வைப்பது நல்லது. பழைய பிரின்டர்தான் இந்த வேலையின் நிரந்தர வில்லன்.

திரை கறுப்பாகி, "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் பத்து விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். கடைசியாக எதை மாற்றினீர்களோ அதை மட்டும் பழையபடி வையுங்கள். லெகசி என்ற பழைய தொடக்க முறையில் இருந்த கணினியை பயாஸில் யூஇஎஃப்ஐக்கு மாற்றினால், டிஸ்க் இன்னும் எம்பிஆர் என்ற பழைய பகுதிப் பிரிப்பு அமைப்பில் இருப்பதால் தொடங்காது. டிஸ்க் கெடவில்லை; அமைப்பை லெகசிக்கே திருப்பினால் எழுந்துவிடும். பிட்லாக்கர் கேட்டால் தாளை எடுங்கள். பயாஸ் மாற்றத்துக்கு முன்பே கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியிருந்தால் கேட்டிருக்காது.

ஒவ்வொரு படிக்கும் நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பது மனக்கணக்கில் தெரியாது, தாளில் தெரிந்துவிடும்.

ஞாயிறு இரண்டு மணி

வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு நேரத்தைக் குறியுங்கள். அந்த நேரத்தில் பில் அச்சாகவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது என்று முடிவு. நான் ஞாயிறு மதியம் இரண்டு மணியைச் சொல்வேன். பழைய டிஸ்க் கையில் இருந்தால் திரும்புவதற்கு அரை மணி போதும். இமேஜிலிருந்து மீட்க வேண்டும் என்றால் எடுக்க ஆன அளவு நேரம் ஆகும், சோதிக்க இன்னும் ஒரு மணி. அதற்கேற்ப நேரத்தை முன்னே தள்ளுங்கள். இந்த நேரத்தை முதலாளியிடமும் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் "இன்னும் பத்தே நிமிடம்" என்று நீங்களே உங்களுக்கு வாய்தா வாங்கிக்கொண்டு இரவு ஒரு மணிவரை உட்கார்ந்திருப்பீர்கள். தூக்கக் கலக்கத்தில்தான் தவறான டிஸ்க் ஃபார்மட் ஆகும்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையிலான வார இறுதியில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பெருமளவுக்கு ஒரே வீச்சில் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. புதிய அமைப்பு தடுமாறியது. இணைய வங்கிக் கணக்குக்குள் நுழைய முடியாமல் லட்சக்கணக்கானோர் தவித்தார்கள். வழக்கமான நிலை திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. நம் கடைக்கு அபராதம் போட யாரும் வரமாட்டார்கள், வரிசையில் நிற்பவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

இரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டால், "விண்டோஸ் திறக்கிறது" என்பதோடு எழுந்துவிடாதீர்கள். சோதனை பில் ஒன்றை அச்சிட்டு, பின்னர் ரத்து செய்யுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பத்தைத் தளம் அடையாளம் காண்கிறதா, பக்கத்துக் கணினியிலிருந்து பிரின்டருக்குப் போகிறதா, பழைய தமிழ்க் கடிதம் எழுத்து மாறாமல் திறக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் திங்கள் முதல் உட்காரப்போகும் நபரையே ஞாயிறு மாலை வரவழைத்து அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நமக்குத் தோன்றாத குறுக்குவழிகள் அவர் விரலில் இருக்கும்.

திங்களும் அதன் பிறகும்

எல்லாம் சரியாக இருந்தாலும் மேசைக்குள் ஓர் அச்சடித்த பில் புத்தகம் இருக்கட்டும். ஜிஎஸ்டி விதி 46, பில் எண்களை ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. எண் தொடர்ச்சியாகவும் அந்த நிதியாண்டில் திரும்ப வராததாகவும் 16 எழுத்துகளுக்குள்ளும் இருக்க வேண்டும். கைப்பில்லுக்கு "H/001" என்பது போன்ற ஆங்கில முன்னொட்டு ஒன்றோடு தனி வரிசையை உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். கணினி படுத்தாலும் வியாபாரம் ஓடும். மாலையில் பதிவு செய்துகொள்ளலாம்.

பழைய டிஸ்கின் மேலேயே விண்டோஸ் 11-க்கு மேம்படுத்தியவர்களுக்கு அமைப்புகளில் 'கோ பேக்' என்ற வசதி பத்து நாள் வரை இருக்கும். அது 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரை நம்பி நிற்கிறது. இடம் அடைக்கிறது என்று அதை அழித்தால் திரும்பும் வழியும் போகும். முதல் வாரத்தில் டிஸ்க் சுத்தம் செய்யும் மென்பொருள் எதையும் ஓட்ட வேண்டாம்.

அலமாரியில் வைத்த பழைய டிஸ்க் ஒரு முழு ஜிஎஸ்டி சுற்று முடியும்வரை அப்படியே இருக்கட்டும். அடுத்த மாதம் 20-ஆம் தேதி தாக்கல் முடிந்து, விடுபட்ட கோப்பு எதுவும் இல்லை என்று கணக்காளர் சொன்ன பிறகு, யூஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதை பேக்கப் டிஸ்காக மாற்றிக்கொள்ளலாம். வயதான டிஸ்க் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். மஞ்சள் காட்டினால் வேண்டாம்.